முத்திரை இல்லாத அட்டை

ஊரிலிருந்து தாத்தா அனுப்பிய தீபாவளிப் பணத்துடன் வந்து நின்றான் என் மகன். "அப்பா, இந்தப் போக்கிமான் அட்டையில் முத்திரை விட்டுப்போயிருக்கு. அச்சுப்பிழையாம், ஆயிரம் ரூபாய்க்குத் தருகிறானாம்."

அப்படி ஒரு பிழை உண்மையிலேயே உண்டு. 1999-ல் அமெரிக்காவில் வெளியான 'ஜங்கிள்' தொகுப்பில், படத்தின் வலது கீழ் ஓரத்தில் சிறு பூ முத்திரை இருக்க வேண்டும். அதன் 16 மினுமினுப்பு அட்டைகளும் முத்திரை இல்லாமலே கொஞ்சம் அச்சாகிவிட்டன. சேகரிப்போர் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய முதல் தொகுப்பில் முத்திரையே கிடையாது! ஏமாறுவது இங்கேதான். உங்கள் வீட்டிலும் இத்தகைய அட்டை இருந்தால், அடியில் வலது மூலையிலுள்ள எண்ணைப் பாருங்கள். 102 என்று முடிந்தால் முதல் தொகுப்பு; முத்திரை இல்லாதது இயல்பு. 1/64 முதல் 16/64 வரை எண் இருந்து, படமும் மினுமினுத்து, முத்திரை மட்டும் இல்லையென்றால்தான் பிழை. அப்போதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுரண்டியிருந்தால் தடம் தெரியும்.

மகன் கொண்டுவந்தது 7/102. திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். முகம் வாடிப்போயிற்று. விற்க வந்தவன் அவன் வகுப்புத் தோழன். பாவம், அவனும் யாரிடமோ ஏமாந்துதான் வாங்கினானாம்.