தங்க நிப்பும் எபோனைட் பேனாவும்

மைப்பேனாப் பிரியர்களுக்கு ஒரு தகவல். விலையுயர்ந்த பேனா வாங்கும்போது முதலில் நிப்பைப் பாருங்கள். 585 என்று பொறித்திருந்தால் 14 காரட் தங்கம். 750 என்றால் 18 காரட். ஆனால் காரட் கூடினால் எழுத்து அழகாகிவிடாது. தாளைத் தொடும் நுனி தங்கமே அல்ல, எளிதில் தேயாத கடின உலோகக் கலவை. அதைத் தீட்டிய விதம்தான் முக்கியம். ஜப்பானிய ‘ஃபைன்’ நிப் பெரும்பாலும் ஜெர்மானிய ‘ஃபைன்’ நிப்பைவிட மெல்லிசாக எழுதும். அதனால் மை தொட்டு, நீங்கள் வழக்கமாக எழுதும் தாளிலேயே எழுதிப் பார்த்து வாங்குங்கள்.

1952இல் வந்த மோன்ட் பிளாங்க் 149 பேனா, சேகரிப்பாளர்கள் பலரின் கனவு. அதன் பக்கத்தில் நம் திருவள்ளூர் ரங்கா பேனாவையும் அவசியம் வைத்துப் பாருங்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய எபோனைட் தண்டை, கைவினைஞர்கள் கடைந்து செய்யும் பேனா அது. பிடித்தால் சில்லென்று இருக்காது, விரலும் வழுக்காது. நீண்ட நேரம் எழுத எனக்கு அதுவே உகந்தது. ஒன்று மட்டும் கவனம்: கருப்பு எபோனைட் நாளடைவில் வெயில் பட்டுப் பழுப்பேறும், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.