சீட்டாட்டத்தை நிறுத்திவிட்ட அப்பாவைக் கவனியுங்கள்

“தினமும் ஒரு சுடோகு போடுங்க, மறதி வராது.” நகரத்தில் இதைக் கேட்காத முதியவர்கள் குறைவு. பிள்ளைகள் அக்கறையில் சொல்கிறார்கள். செயலி விற்கிறவர்கள் காசுக்காகச் சொல்கிறார்கள். மறதிநோயை நினைத்து அஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பாதி உண்மையை மட்டும் சொல்வது அநியாயம்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2003இல் வெளியானது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்திருந்தது. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் 3,675 பேரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பலகை விளையாட்டு ஆடியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 15 சதவீதம் குறைவு என்று 2013இல் எழுதினார்கள். செய்திகளில் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆய்வின் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரின் நினைவாற்றலும் மனச்சோர்வும் எப்படி இருந்தன என்பதையும் கணக்கில் சேர்த்தபோது, அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துபோனது.

மறதிநோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளைக்குள் தொடங்கிவிடுகிறது. அப்படித் தொடங்கியவர்கள்தான் முதலில் ஆட்டத்தை விட்டு விலகுகிறார்கள். ஆகவே ஆட்டம் மூளையைக் காத்ததா, நன்றாக இருந்த மூளை ஆட்டத்தில் நீடித்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். இதைப் படித்துவிட்டு யாரும் தாயக்கட்டையைப் பரணில் போட்டுவிட வேண்டாம். அதே பிரெஞ்சு ஆய்வில் ஆடியவர்களுக்கு மனச்சோர்வு குறைவாகவே இருந்தது. அதுவே பெரிய லாபம்.

குடும்பத்தார் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: ஆடிக்கொண்டிருந்தவர் ஆட்டத்தை விட்டால், ஏன் என்று கேளுங்கள். எதிராளி எந்தச் சீட்டைக் கழித்தார் என்று கடைசிவரை நினைவில் வைத்திருந்தவர், இப்போது யார் முறை என்று இரண்டு தடவை கேட்கிறார். பல்லாங்குழியில் பேத்திகளைத் தோற்கடித்த பாட்டி, எந்தக் குழியிலிருந்து எடுத்தோம் என்று தடுமாறுகிறார். கேட்டால் “கண்ணு சரியா தெரியலை”, “இப்பல்லாம் பிடிக்கலை” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். வீட்டில் “வயசாச்சு” என்று விட்டுவிடுகிறோம்.

அந்த ஒரு வார்த்தையால் குணமாகக்கூடியவர்களையும் இழக்கிறோம். கண் தெரியவில்லை என்றால் உண்மையிலேயே கண்புரையாக இருக்கலாம். காது கேட்காததால் கூட்டத்தைத் தவிர்க்கலாம். தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில வாரங்களுக்கு முன் விழுந்ததில் தலைக்குள் கசிந்த ரத்தம் என எல்லாமே மறதிபோலத் தோற்றம் தரும். எல்லாவற்றுக்கும் மருத்துவம் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே மருத்துவர் வி.எஸ். நடராசன் முதியோர் மருத்துவத்தைத் தொடங்கிவைத்தார். இன்று கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது. தொலைவில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். “நினைவாற்றல் பரிசோதனை செய்யுங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மறதிநோய்க்கான 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வரிசைப்படுத்தியது. அவற்றைக் கவனித்தால் 45 சதவீத நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது, கண், தனிமை எல்லாம் அதில் உண்டு. புதிர் போடாமல் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. என் கருத்தில், கைப்பேசியில் தனியே ஆடுவதைவிடப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு கேரம் மேல். காது மந்தமானவருக்கு முதலில் தேவை காதுகேள் கருவி.

மூளைப் பயிற்சிச் செயலிக்குச் சந்தா கட்டும்முன் ஒன்றை அறியுங்கள். லுமோசிட்டி நிறுவனம் தன் விளையாட்டுகள் மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அந்த நிறுவனம் 2016இல் 20 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இங்கே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விளம்பரம் தண்டனைக்குரியது. புகாருக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி வேறு ஆபத்து. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. அது குறிவைப்பது நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும்தான், ஆடியவரை அல்ல. பலருக்குத் தெரியாத இன்னொன்று: பார்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலரிடம் அடக்க முடியாத சூதாட்ட வெறியைத் தூண்டும். ஆயுள் முழுக்கச் சிக்கனமாக இருந்த அம்மா திடீரென்று பணத்தை இறைத்தால் திட்டாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஆன்லைனில் பணத்தை ஏமாற்றிப் பறித்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

மறதி உறுதியானாலும் உரிமை போய்விடுவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, விளங்கிக்கொள்ளும் திறன் இருக்கும்வரை சிகிச்சை பற்றி முடிவெடுப்பவர் அவரேதான். பின்னாளில் எப்படிச் சிகிச்சை வேண்டும், தமக்காக யார் பேச வேண்டும் என்று இப்போதே எழுதிவைக்கவும் வழியுண்டு. சீக்கிரம் கண்டுபிடிப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று.

“அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை” என்று சொல்லி ஏடிஎம் அட்டையையும் வீட்டுப் பத்திரத்தையும் வாங்கிக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. பிள்ளைக்குச் சொத்தை எழுதித் தருவதானால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது மீறப்பட்டால், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வழி தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.