சுக்கான் தளர்வு: மைதானப் பராமரிப்பு இயந்திரங்களின் சோதனை பற்றிய ஒரு குறிப்பு

இயந்திரமும் தொழிலாளியும் பற்றிப் பேசுகையில் நாம் ஆலையையே பெரிதும் மனங்கொள்கிறோம். மைதானங்களிலும் பூங்காக்களிலும் புல்வெட்டும் உழவு இயந்திரங்கள் நமது ஆய்வுப் பார்வைக்கு எட்டுவதில்லை. அவற்றின் சுக்கான் தளர்ந்துவிடின் ஆபத்துக்குள்ளாபவர், அவ்வியந்திரத்தை வாங்கவோ திருத்துவிக்கவோ அதிகாரமற்ற ஓட்டுநரேயாவார்.

சுக்கான் என்பது அரபு மூலமுடைய சொல். கப்பலில் அது கையாற் பற்றும் வளையத்தைக் குறிப்பதன்று. நீருள் நின்று திரும்பும் பலகையையே குறிக்கும். தளர்வு என நாம் இங்கு கூறுவதும் கைக்கும் நிலத்திலுள்ள சில்லுக்கும் இடையே தொடர்பு குன்றுதலையே. அது இருவகைப்படும். வளையமே தண்டில் ஆடுவது ஒன்று. வளையம் உறுதியாயிருந்தும் முன்சில்லு உடனே திரும்பாமை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதாலேயே திருத்தம் பலவேளைகளிற் பயனற்றுப் போகின்றது.

சோதனைக்கு முன் கத்திகளை விடுவித்து, இயந்திரத்தை நிறுத்தி, தடையை இடவேண்டும். பின்னர் வளையத்தை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தல் வேண்டும். ஆடின், நடுவிலுள்ள நட்டோ ஊசியோ தளர்ந்திருக்கலாம். தண்டின் பற்கள் தேய்ந்திருப்பின் நட்டை எவ்வளவு முறுக்கினும் பயனில்லை. அடுத்து வளையத்தை இடமும் வலமும் சிறிதளவு திருப்பவேண்டும். ஒருவர் திருப்ப, மற்றொருவர் முன்சில்லை நோக்குதல் அவசியம். சில்லு அசையத் தொடங்குமுன் வளையம் நகரும் தூரமே வெற்றசைவு. அதன் எல்லையை அவ்வவ் இயந்திரத்தின் கைந்நூல் கூறும். எல்லை மீறின் பற்சில்லுகள், இணைப்புத் தண்டின் பந்து மூட்டுகள், முன்சில்லின் பெயாரிங் என ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். புல்லும் புழுதியும் படியும் இம்மூட்டுகள் கிறீஸின்றி விரைவில் தேயும். நீரியல் விசையால் இயங்கும் சுக்கானாயின், வெற்றசைவை இயந்திரம் ஓடும் நிலையிலேயே பார்க்கவேண்டும். அப்போதும் கத்திகள் விடுவிக்கப்பட்டே இருத்தல் வேண்டும். சமதரையிற் பொறுத்துக்கொள்ளத்தக்கதாகத் தோன்றும் தளர்வு, சரிவிலும் வாய்க்கால் ஓரத்திலும் அவ்வாறிராது.

ஆயின் சோதிப்பவர் யார்? வளையத்தின் வழக்கமான கனத்தை நாள்தோறும் உணரும் கையே மாற்றத்தை முதலில் அறிகின்றது. அவ்வறிவு உடலுழைப்பின் அறிவாதலின் ஏட்டில் இடம்பெறுவதில்லை. பிரித்தானியாவில் 1833ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலைப் பரிசோதகர்களை நியமித்தது. அவர்தம் அறிக்கைகளை மார்க்ஸ் 'மூலதன'த்தில் (1867) விரிவாகப் பயன்படுத்தினார். அங்கும் வேலைத்தலங்கள் பொதுவாக ஒரே பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தது 1974இலேயே. இலங்கையின் 1942ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ, பெயர் சுட்டுமாறே, தொழிற்சாலைகளுக்குரியது. 1934ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் காயம் நேர்ந்த பின்னரே பேசும்.

சோதனைப் படிவத்தில் 'சரியில்லை' எனக் குறிப்பதால் அன்றைய கூலியை இழக்கும் நாட்கூலியாளர் 'சரி' என்றே குறிப்பார். இதனை அவரது அசட்டை என்பது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. தளர்வு கண்ட இயந்திரத்தின் திறப்பு, திருத்தம் முடியும்வரை எவரிடம் இருக்கும் என்பதையும், அந்நாட்களுக்குரிய கூலி வழங்கப்படும் என்பதையும் படிவமே எழுத்தில் தரவேண்டும்.