ஆங்கிலக் கருத்தறிதல்: "புரிஞ்சுது... அப்புறம் ஏன் மதிப்பெண் போச்சு?"

"பத்தி முழுசா புரிஞ்சுது. கேள்வியும் புரிஞ்சுது. பதிலும் எழுதினேன். ஆனா 2 மதிப்பெண்ணுக்கு 0!"

ஆங்கிலக் கருத்தறிதல் பயிற்சித்தாள் திரும்பக் கைக்கு வரும் நாளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது.

விடைகளைப் புரட்டினால் சரியான பதில் இருக்கும். ஆனால் நம் பதில் ஏன் தவறு என்பது அதில் இருக்காது. அது தெரியாமல் அடுத்த பயிற்சித்தாளைச் செய்தால் அதே இடத்தில் மறுபடியும் மதிப்பெண் போகும்.

ஒரு சின்னப் பத்தியை வைத்து, பதில்கள் எங்கே தடம் மாறுகின்றன என்று பார்ப்போம்.

தேர்வில் என்ன வரும்?

சிங்கப்பூரில் சாதாரண நிலை ஆங்கிலத் தேர்வின் 2ஆம் தாள்தான் கருத்தறிதல். நேரம் 1 மணி 50 நிமிடம். மொத்தம் 50 மதிப்பெண். ஆங்கிலப் பாடத்தின் மொத்த மதிப்பீட்டில் அது 35 விழுக்காடு.

- 'ஏ' பிரிவு: 5 மதிப்பெண். விளம்பரம், சுவரொட்டி, இணையப்பக்கம் போன்ற படத்துடன் கூடிய பகுதி
- 'பி' பிரிவு: 20 மதிப்பெண். கதை போல அமைந்த பத்தி
- 'சி' பிரிவு: 25 மதிப்பெண். தகவல் கட்டுரை. இதில் 15 மதிப்பெண் சுருக்கம் எழுதுவதற்கு

2027ஆம் ஆண்டு முதல் சாதாரண நிலைத் தேர்வுக்குப் பதிலாகச் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. தேர்வின் பெயர் மாறினாலும் படித்துப் புரிந்து பதில் சொல்லும் திறன் தேவைதான்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்வதற்கான புள்ளிக் கணக்கில் ஆங்கிலத்தைத் தவிர்க்கவே முடியாது. அதனால் இந்த ஒன்றிரண்டு மதிப்பெண்களைச் சும்மா விட்டுவிட முடியாது.

பயிற்சிக்கு ஒரு பத்தி

தேர்வில் பத்தியும் கேள்வியும் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே விளக்கத்துக்காக நாங்களே எழுதிய பத்தியைத் தமிழில் தருகிறோம்:

"தாத்தா கடைக் கதவை மூடிப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நான்கு எட்டு நடந்தவர் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார். 'போகலாமா தாத்தா?' என்று கேட்டேன். 'மழை வரும் போலிருக்கு,' என்றார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஒரு சிறு குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக் காலை அந்தக் கடை வேறொருவருடையது."

கேள்வி 1: தாத்தாவுக்கு அங்கிருந்து கிளம்ப மனமில்லை என்பதைக் காட்டும் 2 செயல்களைக் குறிப்பிடவும். (2 மதிப்பெண்)

பலர் எழுதும் பதில்: "கடையை விற்றுவிட்டதால் தாத்தா சோகமாக இருக்கிறார்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் கேட்டது அது இல்லை. அவருக்கு மனமில்லை என்று கேள்வியே சொல்லிவிட்டது. காரணத்தை யாரும் கேட்கவில்லை. அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

சரியான பதில்: நான்கு எட்டு நடந்த பிறகும் திரும்பி வந்து பூட்டை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பேரப்பிள்ளை போகலாமா என்று கேட்ட பிறகும் சாவியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

இன்னொரு தவறு: "50 வருஷம் உழைத்த கடையாச்சே, விட்டுப் போக மனசு வருமா?" 50 வருஷம் என்று பத்தியில் எங்கே இருக்கிறது? நாமாகச் சேர்த்த கதைக்கு மதிப்பெண் இல்லை. பதிலை எழுதியதும் "இது எந்த வரியில் இருக்கு?" என்று கேட்டு, அந்த வரியின்மீது விரலை வையுங்கள். விரல் வைக்க இடமில்லை என்றால் பதிலை மாற்றுங்கள்.

கேள்வி 2: 'மழை வரும் போலிருக்கு' என்ற பதில் தாத்தாவின் மனநிலையைப் பற்றி என்ன உணர்த்துகிறது? (1 மதிப்பெண்)

பலர் எழுதும் பதில்: "மழையில் நனைந்துவிடுவோமோ என்று தாத்தா கவலைப்படுகிறார்."

இங்கே கேள்வி ஒரு வரியைக் காட்டுகிறது. பதிலுக்கான துப்பு அடுத்த வரியில் இருக்கிறது. வானத்தில் மேகமே இல்லை. அப்படியென்றால் அவர் மழையைப் பற்றிப் பேசவில்லை. பேச்சை மாற்றுகிறார்.

சரியான பதில்: கிளம்புவதைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை, கேள்வியைத் தவிர்க்கிறார்.

'சஜெஸ்ட்', 'இம்ப்ளை' போன்ற சொற்கள் கேள்வியில் வந்தால் பதில் நேரடியாக எழுதப்பட்டிருக்காது. அதற்காக இஷ்டத்துக்கு ஊகிக்கவும் கூடாது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு வரிகளைப் படித்தாலே பெரும்பாலும் துப்பு கிடைத்துவிடும்.

கேள்வி 3: சாவியைப் பிடித்த விதத்தை விவரிக்க எழுத்தாளர் பயன்படுத்திய ஒப்புமை எப்படிப் பொருத்தமாக இருக்கிறது? (2 மதிப்பெண்)

பலர் எழுதும் பதில்: "சாவியைக் குழந்தையின் விரலோடு ஒப்பிட்டிருப்பதால் படிப்பவர் மனத்தில் காட்சி நன்றாகப் பதிகிறது."

இந்தப் பதிலை எந்த ஒப்புமைக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதுதான் சிக்கல்.

2 மதிப்பெண் என்றால் பெரும்பாலும் 2 பாதிகள். குழந்தையின் விரலை எப்படிப் பிடிப்போம்? மென்மையாக, ஆனால் விட்டுவிடாமல். அது முதல் பாதி. அதேபோல் சாவியும் அவருக்கு அருமையானது, அதைக் கைவிட அவருக்கு மனமில்லை. அது இரண்டாம் பாதி. இரண்டையும் இணைத்தால்தான் முழுப் பதில்.

'சொந்தச் சொற்களில்' என்றால்?

'சி' பிரிவுக்கு வருவோம். பழைய கடைகள் மூடப்படுவதற்கு ஒரு கட்டுரை 2 காரணங்களைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'ரெண்ட்ஸ் ஹேவ் சோர்ட்', 'ஃபியூ ஆர் வில்லிங் டு இன்ஹெரிட் த கிராஃப்ட்'. அவற்றைச் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும்.

அந்த வரிகளை அப்படியே தூக்கிப் போட்டால் மதிப்பெண் இல்லை. புரிந்ததா என்பதைத்தான் சோதிக்கிறார்கள். பார்த்து எழுதத் தெரியுமா என்பதை அல்ல.

இருமொழி தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. முதலில் அதைத் தமிழில், வீட்டில் பேசுவதுபோல் சொல்லிப் பாருங்கள்:

"கடை வாடகை ரொம்ப ஏறிப்போச்சு. அந்த வேலையைக் கத்துக்கிட்டு தொடர்ந்து செய்ய ஆளு இல்ல."

இப்போது பத்தியைப் பார்க்காமல் அதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். 'சோர்ட்' என்பது 'இன்கிரீஸ்ட் ஷார்ப்லி' ஆகலாம். 'இன்ஹெரிட் த கிராஃப்ட்' என்பது 'லேர்ன் த ஸ்கில் அண்ட் கேரி இட் ஆன்' ஆகலாம். பத்தியின் சொற்கள் தாமாகவே விலகிவிடும். 'ரெண்ட்' போன்ற சாதாரணச் சொல்லை மாற்ற மெனக்கெட வேண்டாம்.

கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. தமிழில் 'ஏறிப்போச்சு' என்று மட்டும் சொல்லி, 'ரொம்ப' என்பதை விட்டுவிட்டால் 'சோர்ட்' என்பதன் பாதிப் பொருள் போய்விடும். உணர்ச்சியைக் குறிக்கும் சொற்களும் அப்படித்தான். 'இரிட்டேட்டட்', 'ஃபியூரியஸ்' இரண்டுக்கும் பேச்சுத் தமிழில் 'கோபம்' என்று சொல்லிவிடலாம். ஆங்கிலப் பதிலில் எந்த அளவு கோபம் என்பது முக்கியம். எரிச்சலா, கடுஞ்சினமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

சுருக்கத்துக்கும் இதே வழி கைகொடுக்கும். வரம்பு 80 சொற்கள். கேள்வி கேட்கும் கருத்துகளை மட்டும் அடிக்கோடிட்டு, எடுத்துக்காட்டுகளையும் அலங்காரச் சொற்களையும் கழித்துவிட்டு எழுதுங்கள்.

திருத்திய தாளை என்ன செய்வது?

சரியான பதிலைப் பச்சை மையில் பார்த்து எழுதுவதோடு நிறுத்த வேண்டாம். மதிப்பெண் போன ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்:

- கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை
- பத்தியில் இல்லாததைச் சேர்த்தேன்
- பாதிப் பதில்தான் எழுதினேன்
- வரியை அப்படியே எடுத்து எழுதினேன்
- பத்தி உண்மையிலேயே புரியவில்லை

மூன்று நான்கு தாள்களுக்குப் பிறகு எண்ணிப் பாருங்கள். எந்தக் காரணம் அதிகம் வருகிறதோ, அதில்தான் பயிற்சி வேண்டும்.

கடைசிக் காரணம் அதிகம் வந்தால் நிறையப் படிக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. மற்ற நான்கும் அதிகம் வந்தால் உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை. பேனாவை எடுப்பதற்கு முன்னால் கேள்வியை இன்னொரு முறை படித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்த வாரத் தமிழ்த் தேர்வின் சுயவிடைக் கருத்தறிதலிலும் இதையே செய்து பாருங்கள். மொழிதான் வேறு. மதிப்பெண் போகும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.