அய்யன்காளி கேட்ட பள்ளிக்கூடம்



நான் தலைமையாசிரியனாய் இருந்த நாளில், ஆண்டுதோறும் சூன் திங்களிற் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து அமர்வேன். தந்தையார் சிலர் பேனாவை வாங்காது, மைக்காகப் பெருவிரலை நீட்டுவர். அப்போதெல்லாம் என் நினைவு ஒருவரிடம் செல்லும். எழுதப் படிக்கக் கல்லாதவராய் வளர்ந்தும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமெனப் போராடிய அவர் பெயர் அய்யன்காளி.

1863-இல் திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில், புலையர் குடியிற் பிறந்தார். அக்காலத் திருவிதாங்கூரில் அம்மக்களுக்குப் பொதுச்சாலையும் விலக்கப்பட்டிருந்தது. 1893-இல் அவர் வில்வண்டியொன்றில் தலைப்பாகையுடன் ஏறி, அச்சாலை வழியே துணிந்து சென்றார். இவ்வண்டிக் கதையையே பலரும் விரும்பிக் கூறுவர். எனக்கோ பள்ளிக்கூடக் கதையே பெரிது.

1907-இல் சாதுசன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளைச் சேர்க்கலாமென அரசு ஆணையிட்டும், ஊரார் பள்ளி வாயிலை மறித்தனர். ஊரூட்டம்பலத்திற் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது கலகம் மூண்டது. பள்ளிக் கட்டடமே எரிந்தது.

உழவும் நடவும் அறுப்பும் புலையர் கையில் இருந்தன. 'எம் பிள்ளைகளைப் பள்ளியில் ஏற்காவிடில் வயலில் இறங்கோம்' என்றனர். நிலக்கிழார் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்தனர். பழகாத உடல் இடந்தரவில்லை. தொழிலாளர் வீடுகளிலும் அடுப்பு எரியவில்லை. அவர்கள் கடற்கரை மீனவருடன் சேர்ந்து உழைத்து உயிர் காத்தனர். முடிவில் கூலி உயர்வுடன் பள்ளியுரிமையும் உடன்பாட்டில் இடம்பெற்றது.

பட்டினி கிடந்தவர் கூலியோடு நில்லாது பள்ளியை ஏன் கேட்டனர் என்று வகுப்பில் ஒரு மாணவன் என்னை வினவினான். நிலப் பத்திரமும் கடன் சீட்டும் வழக்கு மனுவும் எழுத்தில் இருக்கின்றன அல்லவா, எழுத்தறியாதவன் பெற்ற கூலியைக் கணக்கெழுதுபவன் குறைத்துவிட முடியும் என்றேன். அவனுக்கு அது போதவில்லை என்றே நினைக்கிறேன். அவன் தந்தை அவ்வாண்டு பதிவேட்டிற் கைநாட்டு வைத்தவர்.

1911-இல் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். அங்கும் நிலமும் கல்வியுமே கேட்டார். 1937-இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. தம் மக்களிற் பத்துப் பேரேனும் பி.ஏ. பட்டம் பெறுவதைக் கண்டபின் கண்மூட வேண்டும் என்பதே அவர் காந்தியடிகளிடம் கூறிய ஆசை. 1941-இல் அவர் மறைந்தார்.