பணம் செல்லும் பொதுவழி

உத்திரமேரூர் என்றதும் ஊர்ப்பெருமை பேசுவோர் குடவோலையைச் சொல்லுவர். சொல்லட்டும், நாமும் சொல்லுவோம்! முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகட்கு முன், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையிலே பெயரெழுதி, குடத்திலே இட்டு, சூதறியாச் சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்து வாரியம் அமைத்தனர். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கும் ஒரு வாரியம்!

ஆனால், ஒன்று கேட்கிறோம். குடத்துக்குள் யார் பெயர் இருந்தது? வரி கட்டும் நிலமுடையவன் பெயர் இருந்தது. சொந்த மனையில் வீடு கட்டியவன் பெயர் இருந்தது. வேதம் ஓதியவன் பெயர் இருந்தது. ஏர் பிடித்தவன் பெயர்? நாற்று நட்டவள் பெயர்? இல்லை! குடம் பொது, ஓலை சிலருக்கு மட்டும்!

பழங்கதை இப்போது ஏன் என்பீர்கள். அதே ஊரில், தேநீர்க் கடையிலும் காய்கறிக் கடையிலும் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரத்தைப் பாருங்கள். இன்றைய பொதுக்குடம் அது! யு.பி.ஐ. என்று அதற்குப் பெயர்.

முன்பு நிலைமை என்ன? வங்கிக்கு வங்கி தனி வாசல், தனிப் பூட்டு. பணம் அனுப்ப வேண்டுமானால் கணக்கு எண், கிளையின் குறியீடு, இரண்டும் தேவை. ஓர் எழுத்துப் பிசகினால் அலைச்சல். கைப்பேசிப் பணப்பைகள் வந்தன. ஒரு கம்பெனியின் பையில் போட்ட பணம் இன்னொரு கம்பெனியின் பைக்குப் போகாது. ஊருக்குள் பத்துக் கிணறு, பத்துக்கும் தனித் தாம்புக்கயிறு!

2008இல் தொடங்கப்பட்ட தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம், 2016 ஏப்ரல் 11 அன்று 21 வங்கிகளோடு இந்தப் பொது ஏற்பாட்டை அறிமுகம் செய்தது. வங்கிகள் ஒன்றாகிவிடவில்லை, அவற்றுக்கு இடையே பேசும் முறை ஒன்றாயிற்று. எந்தச் செயலியில் கட்டளையிட்டாலும், அது கழகத்தின் நடுக்கூடத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு வங்கியில் பற்று, மறு வங்கியில் வரவு. கணக்கு எண்ணுக்குப் பதில் ஒரு முகவரி போதும். இன்னொரு நுட்பமும் உண்டு. ரகசிய எண் கேட்கும் பக்கம் செயலிக்காரனுடையதன்று. எல்லாச் செயலிக்கும் பொதுவாகக் கழகமே வகுத்த பக்கம் அது. கடை பலருடையது, கல்லாப் பூட்டு ஒன்றே!

கட்டட வேலைக்குச் சென்னை சென்ற மகன், மாலையில் வாங்கிய கூலியை இரவுக்குள் தாயின் கணக்கில் சேர்க்க முடிகிறது. செல்வந்தன் வங்கிக்கும் சேரிக்காரன் வங்கிக்கும் ஒரே வழி, ஒரே வேகம். இதை வரவேற்கிறோம், வாயார வரவேற்கிறோம்.

ஆனால், வழி பொதுவானால் போதுமா? நடப்பவனுக்குக் கால் வேண்டாமா? ஸ்மார்ட்போன் இல்லாதவன் என்ன செய்வான்? பட்டன் போனிலிருந்து குரல்வழி அழைப்பாலும் பணம் அனுப்பும் முறையை 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்தியது. நம் தெருவில் எத்தனை பேர் அறிவர்? அறியாதவன் பெயர் இன்றும் குடத்துக்கு வெளியேதான்!

பொதுவழியின் வாசலிலே நிற்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். 2024இல் இந்தப் பரிவர்த்தனைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போன்பே, கூகுள்பே எனும் இரண்டே செயலிகள் வழியாகச் சென்றன. இரண்டுக்கும் பின்னால் அமெரிக்கப் பெருநிறுவனங்கள். எந்தச் செயலியும் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று 2020இல் விதி வகுத்தார்கள். பின்னர் தள்ளினார்கள்; மீண்டும் தள்ளினார்கள்; 2024 டிசம்பரில், 2026 டிசம்பர் 31 வரை தள்ளினார்கள். சாலை ஊருடையது, சாவடி இருவருடையது என்றால், நாளை சுங்கம் கேட்டால் யாரிடம் முறையிடுவது?

உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள், தோழர்களே! கணக்கில் பணம் கழிந்து, அடுத்தவர் கணக்கில் சேரவில்லையா? 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட ஆணைப்படி, மறுநாளைக்குள் அது திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதானால் ஐந்து நாளைக்குள். தவறினால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கெஞ்சிப் பெறுவதன்று, கேளாமலே தரவேண்டியது! வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இன்னொன்று: பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. “பணம் வரும், எண்ணைப் போடு” என்பவன் எத்தன்!

குடவோலைக் கல்வெட்டிலே நாம் போற்றத்தக்க விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியம் ஏற முடியாது. அவன் உறவினனும் ஏற முடியாது. அந்த விதியை இன்றைய பொன் வாரியத்தாரிடமும் கேட்போம்: கணக்கைக் காட்டுங்கள்!

நம் கடமையும் உண்டு. படிப்பகந்தோறும் வாரம் ஒரு மாலை மேசை போடுங்கள். படித்த இளைஞர் இருவர் அமரட்டும். பட்டன் போனோடு வரும் பாட்டிக்கு வழி சொல்லட்டும். பணம் சிக்கிய பாட்டாளிக்கு மனு எழுதித் தரட்டும். வெளியே நிற்பவர் பெயரையெல்லாம் ஓலையில் எழுதி உள்ளே இடுவோம். அன்றுதான் அது பொதுக்குடம்!