ஓயாமல் ஓடும் கழிவறைத் தொட்டி

வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு கழிவறைப் பக்கமிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் ஓசை வருகிறதா? தண்ணீர் இழுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆகியும் கிண்ணத்தின் பின்பக்கத்தில் மெல்லிய நீர்க்கோடு ஒன்று வழிந்துகொண்டே இருக்கிறதா? நம்மில் பலர் இதைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிடுகிறோம். ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகை வீட்டில் தங்கும் மாணவர்களாகிய நமக்கு, ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நினைப்பு வேறு!

நானும் அப்படித்தான் இருந்தேன். தவணை விடுமுறையில் கிள்ளானிலுள்ள பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கும் அதே ஓசை. பாட்டி தனியாக இருக்கிறார், வயது 76. ஓசை பொறுக்காமலும் தண்ணீர்க் கட்டணத்துக்குப் பயந்தும் இரவில் படுக்கும் முன் தொட்டிக்குச் செல்லும் குழாயின் திருகை மூடிவிடுகிறார். நள்ளிரவில் எழுந்தால் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார். சிந்திய நீரில் ஒருமுறை கால் வழுக்கியிருக்கிறது. “விழலையே, கதவப் பிடிச்சிக்கிட்டேனே” என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். முன்பு பார்க்க வந்த பழுதுபார்ப்பவர் ஒருவர், தொட்டியையே மாற்ற வேண்டும், 350 ரிங்கிட் ஆகும் என்றாராம். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

“நான் பாக்குறேன் பாட்டி” என்றேன். “ஏம்மா, ஒனக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றார். தெரியாது என்பதுதான் உண்மை. இடைநிலைப்பள்ளியில் வாழ்க்கைத் திறன் பாடத்தில் ‘தங்கி சிம்பா’ படத்தை வரைந்து, ‘பெலம்போங்’, ‘இன்ஜாப்’ என்று பாகங்களைக் குறித்துப் புள்ளிகள் வாங்கியவள்தான். ஆனால் அதுவரை ஒரு தொட்டியின் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

தொட்டிக்குள் ஓர் ஏரி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் இருப்பது குழாயில் வரும் அதே தண்ணீர்தான். அருவருப்புக்கு அங்கே வேலையில்லை. பீங்கான் மூடி கனமானது; தூக்கியதும் தரையில் துணி விரித்து அதன்மேல் வையுங்கள். கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்து வைத்தால் விழுந்து உடையும்.

உள்ளே மூன்றே விஷயங்கள்தாம் கவனிக்கத்தக்கவை. கடைக்காரர் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொல்கிறார், பாடநூல் மலாயில் ஒரு பெயர் சொல்கிறது. தமிழில் என்ன சொல்வது என்று யோசித்தபோது, தமிழ்நாட்டு ஏரிகளுக்குரிய சொற்களே கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டு வியந்தேன். ஏரிக்கு நீர் கொண்டுவருவது வரத்துக்கால். வேண்டியபோது திறந்து நீரை வெளியேற்றுவது மதகு. ஏரி நிரம்பிக் கரை உடையாதபடி மிகுதி நீரை வழியவிடுவது கலிங்கு. கழிவறைத் தொட்டியிலும் இவை மூன்றும் அப்படியே உண்டு.

வரத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதோடு மிதவை ஒன்று இணைந்திருக்கிறது. நீர் ஏற ஏற மிதவையும் ஏறும். குறிப்பிட்ட உயரத்தில் வால்வை அழுத்தி அடைத்துவிடும். மதகு என்பது தொட்டியின் அடியிலுள்ள துளையும் அதன்மேல் உட்காரும் ரப்பர் மூடியும். கைப்பிடியை அழுத்தினால் சங்கிலி மூடியை இழுக்கும், நீர் கிண்ணத்துக்குள் பாயும். கலிங்கு என்பது தொட்டியின் நடுவே நிமிர்ந்து நிற்கும் வாய் திறந்த குழாய். நீர் அதன் விளிம்பைத் தாண்டினால் உள்ளே விழுந்து, மதகின் அடிவழியாகக் கிண்ணத்துக்கே போய்விடும்.

பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஓர் அமைப்பு இருந்தது. ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள், அவற்றுக்கிடையே அடியில் ஒரு துளை, துளையை அடைக்க ஓர் அடைப்பு. மேலிருந்து தூக்கினால் நீர் போகும், இறக்கினால் நின்றுவிடும். நம் தொட்டியின் ரப்பர் மூடி செய்யும் வேலையும் இதுவே!

ஆக, தொட்டி ஓயாமல் ஓடுவதற்கு இரண்டே காரணங்கள். ஒன்று, வரத்து அடைபடாமல் நீர் கலிங்கைத் தாண்டி வழிகிறது. அல்லது மதகு சரியாக மூடாமல் நீர் கீழே கசிகிறது. குறைந்த நீரை நிரப்ப வரத்து திரும்பத் திரும்பத் திறக்கிறது. இரண்டில் எது என்று தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது. இதை நான் 12 ரிங்கிட் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

கேசரிப் பொடியும் பென்சில் கோடும்

தொட்டி நீரில் வண்ணம் கலந்துவிட்டு, இழுக்காமல் அரை மணி நேரம் காத்திருந்தால், மதகு கசியும்போது அந்த வண்ணம் கிண்ணத்தில் தெரியும் என்று படித்திருந்தேன். பாட்டியின் சமையலறையில் கேசரிப் பொடி இருந்தது. இரவு பத்து மணிக்கு ஒரு சிட்டிகை போட்டு மூடியை மூடிவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் கிண்ணம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமிதம்! மறுநாள் ரப்பர் மூடி ஒன்றை 12 ரிங்கிட்டுக்கு வாங்கிப் பொருத்தினேன். அன்றிரவும் அதே ‘ஸ்ஸ்ஸ்’.

இம்முறை மூடியைத் திறந்து கைவிளக்கடித்துப் பார்த்தேன். நீர் கலிங்கின் விளிம்பு வரை நின்று, உள்ளே வழிந்துகொண்டிருந்தது. வண்ணநீர் கிண்ணத்துக்குப் போன வழி மதகு அல்ல, கலிங்கு! முதல் நாளே மூடியைத் திறந்து வைத்துப் பார்த்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே முறையான சோதனை இதுதான். முதலில் கண்ணால் பாருங்கள். நீர் கலிங்கைத் தாண்டி வழிந்தால் குற்றவாளி வரத்து. வேறு சோதனையே வேண்டாம். நீர்மட்டம் கலிங்குக்குக் கீழே இருந்தால், தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டு, சுவரிலுள்ள திருகை மூடுங்கள். அரை மணி நேரம் கழித்து நீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மதகு கசிகிறது. கேசரிப் பொடியைப் போடுவதென்றால் திருகை மூடிய பிறகு போட வேண்டும்.

எவ்வளவு நீர் வீணாகிறது என்றும் பார்த்தேன். இரவு 11 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டேன். கறுப்பு எண்கள் கன மீட்டரையும் சிவப்பு எண்கள் அதற்கும் குறைவான லிட்டர் கணக்கையும் காட்டுகின்றன. அந்த ஆறு மணி நேரத்தில் யாரும் குழாயைத் திறக்கவில்லை. ஓடியதோ 90 லிட்டர். நிமிடத்துக்குக் கால் லிட்டர்தான், ஒரு சிறு குவளை. ஆனால் நாள் முழுவதும் அப்படி ஓடினால் 360 லிட்டர், 30 நாளில் 10.8 கன மீட்டர். சிலாங்கூரில் வீடுகளுக்கு முதல் 20 கன மீட்டருக்குத்தான் குறைந்த கட்டணம். தனியாக வாழும் ஒருவர் அதில் பாதிக்குமேல் ஒரு சொட்டும் பயன்படுத்தாமல் இழப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இரவில் மட்டும் ஏன் இந்த ஓசை? நம் நாட்டு வீடுகளில் பொதுவாகச் சமையலறைக் குழாய்க்குத்தான் தெருக்குழாயிலிருந்து நேராக நீர் வரும். மற்றவற்றுக்குக் கூரையடித் தொட்டியிலிருந்து வரும். பாட்டி வீட்டின் பின்கட்டுக் கழிவறை பிற்பாடு கட்டியது. அதற்குத் தெருக்குழாயிலிருந்து நேரடி இணைப்பு. இரவில் அக்கம்பக்கத்தில் புழக்கம் குறையும்போது குழாயில் அழுத்தம் கூடுகிறது. பகலில் எப்படியோ சமாளித்த பழைய வால்வு அப்போது தோற்றுவிடுகிறது.

வரத்தைச் சரிசெய்தல்

சுவரிலுள்ள திருகை மூடி, ஒருமுறை இழுத்துத் தொட்டியைக் காலி செய்யுங்கள். பாட்டி வீட்டில் இருப்பது பழைய வகை: நீண்ட பித்தளைக் கம்பி, அதன் நுனியில் பந்து. பந்தைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே நீர் சலசலத்தால் அது ஓட்டைப் பந்து. மிதக்காது, மாற்றியே ஆக வேண்டும். எங்கள் பந்து நன்றாகவே இருந்தது.

கம்பி வால்வோடு சேருமிடத்தில் ஓர் அச்சாணி இருக்கும். அதைக் குறடால் நேராக்கி இழுத்தால் கம்பி கையோடு வந்துவிடும். உள்ளேயிருந்து விரல் நீளத் தண்டு ஒன்றும் வெளியே வரும். அதன் முனையில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு ரப்பர் வாஷர். இத்தனை தொல்லைக்கும் காரணம் அதுதான்! கல்லைப்போல் இறுகி, நடுவே வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் மணல் துகள்கள் வேறு.

இந்தத் துகள்கள் தண்ணீர்த் தடைக்குப் பின் வருபவை. 2020 செப்டம்பரில் ரவாங்கிலுள்ள சுங்கை கோங்கில் மாசு கலந்து, சுங்கை சிலாங்கூர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டது பலருக்கும் நினைவிருக்கலாம். அத்தகைய தடைகளுக்குப் பிறகு முதலில் வரும் கலங்கல் நீரைக் குழாயில் பிடித்துக் கொட்டிவிடுகிறோம். தொட்டிக்குள் போனதை யாரும் நினைப்பதில்லை.

பழைய வாஷரைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். பெயர் சொல்லிக் கேட்பதைவிட இதுவே சிறந்த வழி. தவுக்கே அதைப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விலை 80 காசு. அவசரத்துக்கு வாஷர் கிடைக்காவிட்டால் பழையதையே திருப்பிப் போட்டுச் சில வாரங்கள் ஓட்டலாம்.

தண்டை மாட்டுவதற்கு முன் குழாயில் தங்கிய மணலை வெளியேற்ற வேண்டும். வால்வின் வாயை ஒரு குவளையால் மூடிக்கொண்டு சுவர்த் திருகை மிக மெல்லத் திறந்து மூடுங்கள். குவளை இல்லாமல் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பாட்டி வீட்டுக் கூரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தியபின் நீர்மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். கலிங்கின் விளிம்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே நீர் நிற்க வேண்டும். கம்பியைப் பந்து சற்றுத் தாழும்படி மெதுவாக வளைத்தால் போதும். புதுவகை பிளாஸ்டிக் வால்வுகளில் கம்பிக்குப் பதில் ஒரு திருகாணி இருக்கும். அதைத் திருகினால் மிதவை இறங்கும். அவற்றின் தலைப்பகுதியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு ரப்பர்த் தட்டு இருக்கும். அதைக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மதகு கசிந்தால்

முதலில் சங்கிலியைப் பாருங்கள். மிகக் குட்டையாக இருந்தால் மூடி முழுதாக உட்காராது. மிக நீளமாக இருந்தால் மூடியின் அடியில் சிக்கிக்கொள்ளும். அடுத்து, மூடி உட்காரும் விளிம்பைத் துணியால் துடையுங்கள்; அழுக்குப் படலமே கசிவுக்குக் காரணமாக இருக்கலாம். ரப்பர் கொழகொழத்தோ உருமாறியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். தொட்டிக்குள் போடும் குளோரின் வில்லைகள் ரப்பரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். மணத்துக்காகவும் பளபளப்புக்காகவும் அவற்றைப் போடுவதை நிறுத்துவது நல்லது என்பது என் கருத்து.

மேலே பொத்தான் வைத்த புதுத் தொட்டிகளில் மூடியும் கலிங்கும் ஒரே உருளையாக இருக்கும். பெரும்பாலானவற்றை இடப்புறமாகக் கால் சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும். அடியிலுள்ள வளையத்தைக் கழுவி அல்லது மாற்றித் திரும்பப் பூட்டலாம். வளையத்தின் மேல் கோபம் கொள்ளுமுன் பொத்தான் அமுங்கியபடியே சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மதகே இல்லாத தொட்டியும் உண்டு. நீர்மட்டத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்கும் குழாய் வழியாக நீரை இழுத்துவிடும் பழைய ஆங்கிலேய முறை அது. அடியில் திறந்து மூடும் மூடி இல்லாததால் அங்கே கசிவதற்கும் எதுவுமில்லை. இங்கிலாந்தில் 2001 வரை வீடுகளில் இம்முறையையே கட்டாயமாக்கியிருந்தார்கள் என்று அறிந்தபோது, ரப்பர் மூடியின்மேல் அவர்களுக்கிருந்த அவநம்பிக்கை எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாகத் திருப்பப்படாத சுவர்த் திருகு இறுகிப்போயிருக்கும். பலங்கொண்ட மட்டும் திருப்பினால் உடைந்து வீடே வெள்ளமாகும். அசையாவிட்டால் விட்டுவிட்டு, மீட்டர் அருகிலுள்ள முதன்மைத் திருகை மூடுங்கள். நீர் கூரையடித் தொட்டியிலிருந்து வருவதானால் அத்தொட்டியின் திருகையும் மூட வேண்டும். வேலையைத் தொடங்குமுன் அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் மறைகளைக் கையால் இறுக்கி, அதன்பின் கால் சுற்று மட்டும் திருப்பினால் போதும். பீங்கானோடு பலப்பரீட்சை வேண்டாம். பீங்கானில் விரிசல் கண்டாலோ, தொட்டியும் கிண்ணமும் சேருமிடத்தில் நீர் ஒழுகினாலோ, அது நம் வேலையன்று; ஆளைக் கூப்பிடுங்கள்.

அன்றிரவும் 11 மணிக்கு மீட்டரைக் குறித்துக்கொண்டு, டார்ச் லைட்டோடு தொட்டியருகே சற்று நேரம் நின்றேன். ஓசை இல்லை. காலை 5 மணிக்குப் பார்த்தபோது சிவப்பு எண்கள் ஏழு லிட்டர் கூடியிருந்தன. திடுக்கிட்டுப் போனேன். பிறகுதான் தெரிந்தது, நடுவில் பாட்டி ஒருமுறை எழுந்து போய், கைப்பிடியை அழுத்தித் தண்ணீர் இழுத்துவிட்டிருக்கிறார். இரவில் திருகை மூடும் பழக்கம் மட்டும் அவரை இன்னும் விடவில்லை. அதனால் திருகின்மேல் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.